போவட்டுமா அண்ணனும் முருகேசனின் டி டிரைவும்

ஒரு லேப்டாப்பைக் கொல்வதற்கு முன்னால் அதன் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முறைப்படி சம்மதம் கேட்டு, அழுவதற்கு அவகாசமும் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு மூக்கண்டப்பள்ளியில் ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே குக்கரில் பொங்கித் தின்றவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவருடைய உண்மைப் பெயர் கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. அதை வாட்ச்மேன்கூடப் படித்ததில்லை. கேண்டீனிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவர் 'போவட்டுமா' அண்ணன். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் 'போகட்டும்' என்போம். கிருஷ்ணகிரிக்காரர்கள் வாயில் அந்த 'க' கரைந்து 'போவட்டும்' ஆகிவிடும். அண்ணன் சாமல்பட்டிக்காரர். நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பென்டிரைவ் இருக்கும். நாங்கள் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் அவர் சிஸ்டம் செக்‌ஷன், நான் ஸ்டோர்ஸ், எங்களோடு குடியிருந்த மஞ்சு என்கிற மஞ்சுநாத் பிரஸ் ஷாப்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். யாராவது இறந்துவிட்டார்களோ என்று புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே தொழிற்பேட்டையின் சீக்காளி லேப்டாப்புகள் வரிசையில் காத்திருக்கும். அண்ணன் காசு வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக உயிரை வாங்குவார்.

கெட்டுப்போன லேப்டாப்புக்குப் புதிதாக விண்டோஸ் போடுவது கடைக்காரர்களுக்கு அரைமணி நேர வேலை. வாங்குவான், எல்லாவற்றையும் அழிப்பான், போடுவான், கொடுப்பான். அண்ணனுக்கு அது ஒரு நாள் திருவிழா. முதலில் பிரசங்கம் நடக்கும்.

"ஹார்டு டிஸ்க்குன்றது ஒரே வூடு. அதுல தடுப்பு வெச்சு ரெண்டா பிரிக்கணும். சி-ன்றது விண்டோஸ் குடியிருக்கற எடம். அது எப்ப வேணா பூடற கேஸு. டி-தான் உனுக்கு. உன் போட்டோ, உன் சர்டிபிகேட்டு எல்லாம் அதுல வெச்சுக்கோ. சி-ல வெக்கறது பஸ் ஸ்டாண்டுல மூட்டைய வெச்சுட்டு டீ குடிக்கப் போறாப்பல. புரியுதா?"

வந்தவன் புரியுது என்பான். அண்ணன் அவனைத் திரும்பச் சொல்லச் சொல்வார்.

பிறகு பென்டிரைவைச் செருகி, பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும் திரைக்குக் கொண்டுபோவார். அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்தெல்லாம் வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களும், ஒவ்வொன்றின் அளவும்தான் வரும். எது பழைய சி என்று அளவைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதைத் தேர்ந்தெடுத்து, 'டெலிட்'டுக்குப் பக்கத்தில் அம்புக்குறியை நிறுத்திவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். நாற்காலியோடு சேர்ந்து முழு உடம்பையும் சொந்தக்காரர் பக்கம் திருப்புவார். சர்ஜரிக்கு முன் டாக்டர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"போவட்டுமா?"

மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் வாய்விட்டு 'போவட்டும்' என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. கன்னடக்கார சூப்பர்வைசர் "ஹோக்லி பிட்ரி" என்றால் ஏற்றுக்கொள்வார். தெலுங்கு பேசும் தக்காளி வியாபாரி "போனீலே" என்றாலும் சரி. ஆனால் 'ஓகே' என்று சொன்னவன் தொலைந்தான்.

"ஓகேன்னு எல்லாத்துக்கும்தான் சொல்ற. டீ வேணுமான்னாலும் ஓகே, ஓவர்டைம் பாக்கறியான்னாலும் ஓகே. இது சாவுப்பா. வாயத் தொறந்து சொல்லு."

பெயின்ட் ஷாப் பையன் ஒருவன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் லேப்டாப்போடு வந்தான். டெஸ்க்டாப் முழுக்க ஒரு பெண்ணின் படங்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண் இல்லை. முதல் தரம் 'போவட்டும்' என்றான். இரண்டாவது தரம் சொல்லும்போது குரல் இறங்கியது. மூன்றாவது தரம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அண்ணன் அவனைப் பார்த்தபடியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. கடைசியில் பென்டிரைவைப் பிடுங்கி, லேப்டாப்பை மூடி அவன் கையில் கொடுத்தார்.

"நீ இன்னும் ரெடியாவுல மாப்ள. எடுத்துனு போ."

அவனுக்கு அந்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. லேப்டாப் மட்டும் இன்றுவரை ரிப்பேராகத்தான் இருக்கிறது என்று கேள்வி.

மஞ்சுவின் லேப்டாப்பை அவர் ஆறு துண்டாகப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் 'அவசியம்', 'ஆசை', 'அப்புறம் பாக்கலாம்' என்றெல்லாம் பெயர் வைத்தார். பான் கார்டு நகல் எந்த வகையில் சேரும் என்று தெரியாமல் மஞ்சு பேங்க்கில் போய் நின்று முழித்தான். ஊத்தங்கரைக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அண்ணன் சும்மா இருக்கவில்லை. பெண்ணின் அண்ணன் லேப்டாப்பில் குடும்ப போட்டோ காட்டியிருக்கிறார். "இதெல்லாம் சி-லயா வெச்சிருக்கீங்க?" என்று பதறி எழுந்து, காபி டம்ளரைத் தட்டிவிட்டு, பெண்ணின் முகத்தையே பார்க்காமல் திரும்பி வந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அவருக்கு வருத்தமில்லை. "அஜாக்கிரதையான குடும்பம்" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் முருகேசன் செத்துப்போனான்.

முருகேசனை எனக்குச் சரியாகத் தெரியாது. மஞ்சுவோடு பிரஸ் ஷாப்பில் ஒரே லைனில் நின்றவன். நாகரசம்பட்டிக்காரன். வாரம் முழுக்க இங்கே ரூமில் இருந்துவிட்டு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பைக்கில் ஊருக்குப் போவான். ஒரு சனிக்கிழமை சூளகிரிக்குப் பக்கத்தில், விளக்குப் போடாமல் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். போன்கூட நொறுங்கிவிட்டது. மஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் குப்பையில் போட்டான். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சு முருகேசனின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். செல்வி என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. மடியில் துணிப்பை, அதற்குள் லேப்டாப். காவேரிப்பட்டணத்தில் கணக்கு எழுதுகிற டேலி கிளாஸில் சேர்ந்திருக்கிறாள். வேலைக்குப் போகவேண்டிய நிலைமை. லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரையிலேயே நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால் எல்லாவற்றையும் அழித்துத்தான் போட முடியும் என்றார்களாம்.

"அழிக்கக் கூடாதுங்க," என்றாள். "போனு ரொம்பிப் போச்சுன்னா அவுரு எல்லாத்தியும் இதுலதான் ஏத்தி வெப்பாரு. கல்யாண வீடியோவும் இதுலதான் இருக்குது. எங்கிட்ட வேற எதுவும் இல்லீங்க."

அண்ணன், விண்டோஸ் திறக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டுகிற ஒரு லினக்ஸ் பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, உங்க வூட்டுக்காரரு கெட்டிக்காரருங்க! சி, டி-ன்னு சரிபாதியா பிரிச்சு வெச்சிருக்காரு. படமெல்லாம் டி-ல பத்திரமா கீது. நாம டி-ய தொடவே போறதில்ல. இங்க பாருங்க..." என்று சந்தோஷத்தில் ஒரு படத்தைத் திறந்துவிட்டார்.

முருகேசன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். செல்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "மூடிடுங்க" என்றாள்.

அண்ணன் பதறிப்போனார். அவசரமாக எல்லாவற்றையும் மூடி, பென்டிரைவை மாற்றி, பார்ட்டிஷன் திரைக்குப் போனார். மூன்றாவதும் நான்காவதும் அச்சாக ஒரே அளவு. பெயரும் வைத்திருக்கவில்லை. அவர் ஒன்றின் மேல் அம்புக்குறியை நிறுத்தினார். அந்தப் பெண் அழுவதைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் திரும்பினார்.

"இது சி-ங்க. பழைய விண்டோஸ் மட்டுந்தான். போவட்டுமா?"

"போவட்டுங்க."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் சொன்னாள்.

விண்டோஸ் ஏறி முடிய மத்தியானம் ஆனது. செல்வி மஞ்சு வாங்கிவந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் டி டிரைவைத் திறந்தார். உள்ளே பழைய விண்டோஸ் இருந்தது. அதன் பழைய கோப்புறைகள், பழைய புரோகிராம்கள், எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. முருகேசன் இல்லை.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கழுத்தில் வேர்வை இறங்கி காலருக்குள் போவதைப் பார்த்தேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் செல்வி.

"இன்னும்... கொஞ்சம் வேல இருக்குதுங்க. வெச்சுட்டுப் போங்க."

மஞ்சு அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். மஞ்சு வாசற்கதவைச் சாத்தினான். அண்ணனைக் கன்னட வழக்கில் 'குரு' என்றுதான் அவன் கூப்பிடுவான். தணிந்த குரலில் சொன்னான்:

"டிஸ்க்கே செத்துப்போச்சுன்னு சொல்லிடு குரு. பழைய சாமான், சூடேறி பூட்டுச்சுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது? அந்தம்மா இன்னாத்த கண்டுச்சு?"

"டிஸ்க் மேல பழி போடலாம், அது வாயத் தொறக்காது," என்றார் அண்ணன். "அந்தப் பொண்ணு தன் வாயாலயே மூணு தரம் போவட்டும்னு சொல்லிச்சே மஞ்சு. அத எங்க கொண்டுபோயி வெக்கறது?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு நாகரசம்பட்டிக்குக் கிளம்பினார். தனியாக அனுப்ப பயமாக இருந்ததால் நானும் போனேன். மஞ்சு வரவில்லை. வழி நெடுக பஸ்ஸில் அண்ணன் லேப்டாப் பையைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார்.

மாந்தோப்பை ஒட்டிய வீடு. முருகேசனுடன் பிறந்த மூத்தவர் கோவிந்தன் மருந்தடிக்கிற டேங்கை முதுகிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. எதை அழிக்க வேண்டும், எதை அழித்தேன், எப்படித் தவறியது என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன முதல் வார்த்தை நான் எதிர்பார்த்தது இல்லை.

"நாந்தான சொன்னன்?"

"இல்லீங்க..."

"நாந்தான சொன்னன். போவட்டும் போவட்டும்னு நானே சொன்னனே. பாத்துட்டாவது சொல்லியிருக்கலாம். மூஞ்சத் திருப்பிக்கினே சொன்னன்."

"நீங்க சொன்னது விண்டோஸுக்குங்க!" என்றார் அண்ணன். "நீங்க எதுக்குச் சொன்னீங்களோ அத நான் அழிக்கல. நீங்க சொல்லாதத அழிச்சுட்டன். உங்க வாயில ஒரு தப்பும் இல்ல. தப்பு என் கையில."

அப்போதுதான் கோவிந்தனுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. எழுந்துவந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "யோவ், என் தம்பி மொகத்த அழிச்சுட்டு வந்து நிக்கறியா?" என்று உலுக்கினார். பென்டிரைவ் தெறித்துக் கோழிகளுக்கு நடுவில் விழுந்தது. நான் குறுக்கே போனேன். அண்ணன் கையைக்கூட உயர்த்தவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்து வந்தவர்போல நின்றார்.

"வுடுங்க மாமா," என்றாள் செல்வி. பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "எதுவுமே இல்லாம அத எதுக்குக் கொண்டாந்தீங்க? எடுத்துனு போங்க. எனக்குக் காட்டாதீங்க."

அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி அண்ணன் கேட்கவும் இல்லை. "அழிச்சாலும் அடியில கொஞ்சம் இருக்குங்க. தேடிப் பாக்கறன்" என்று மட்டும் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து எங்கள் வாசலில் செருப்புகள் இல்லை. லேப்டாப்போடு வந்தவர்களிடம் "வுட்டுட்டன்பா" என்பார். விடாப்பிடியாகக் கெஞ்சிய பழைய சூப்பர்வைசரை அனுப்பிவிட்டு, ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"மூணு தரம் கேக்கறன், மூணு தரம் கேக்கறன்னு பெருமையா இருந்தன். அவுங்களுக்காகக் கேக்கறன்னுதான் நெனச்சன். இல்லப்பா. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நீதான சொன்னன்னு சொல்றதுக்குக் கேட்டிருக்கறன். அந்தப் பொண்ணு அப்படியே அத எடுத்து தன் தலையில போட்டுக்கிச்சு."

"அப்படியெல்லாம் இல்லண்ணே" என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

முருகேசனின் டிஸ்க்கைக் கழற்றி, அதை அப்படியே ஒரு பெரிய டிஸ்க்கில் நகல் எடுத்து, மீட்கிற மென்பொருளை ஓடவிட்டார். அழித்த இடத்தில் புது விண்டோஸ் ஏறி உட்கார்ந்துவிட்டதால் கொஞ்சம் அடியோடு போய்விட்டது. மீதி வந்தது. எப்படி வந்தது என்றால், வெள்ளத்தில் போன வீட்டுச் சாமான் கரை ஒதுங்குவதுபோல. எந்தப் படத்துக்கும் பெயரில்லை, தேதியில்லை, வெறும் எண்கள். பாதிப் படம் முகம், மீதிப் பாதி சாம்பல் நிறக் கட்டம். முருகேசன் எடுத்த படங்களோடு, அவன் வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்கள், சாமி படங்கள், பைக் விளம்பரங்கள், எவனோ எடுத்த மீம்ஸ் எல்லாம் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கலந்து வந்தன. அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இது அவனுடையது, இது இல்லை என்று பிரிக்க வேண்டும். அண்ணன் பிரித்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் அதே வேலை. ஞாயிறு முழுக்க அதே வேலை.

உயிரோடு இருந்தபோது முருகேசனை அவர் பார்த்ததே இல்லை. கேண்டீனில் எதிரில் உட்கார்ந்திருந்தால்கூட அடையாளம் தெரிந்திருக்காது. இப்போது பாதி காதும் ஒரு சட்டைக் காலரும் மட்டும் வந்த படத்தைப் பார்த்தே "நம்மாளுதான்" என்பார். முருகேசனுக்குக் கேமராவைக் கண்டால் கண் மூடிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு தரம் பெட்ரோல் போட்டதும் பைக் மீட்டரைப் படம் எடுத்திருக்கிறான் என்றார். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பரோட்டாவைப் பிய்ப்பதற்கு முன்னால் ஒரு படம். ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையைத்தான் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறான்.

வரவர, வீட்டில் நான்காவதாக ஒருவன் குடியிருப்பதுபோல் ஆகிவிட்டது. கத்தரிக்காய் குழம்பு வைத்தால் "முருகேசன் தொடமாட்டாரு. தட்டுல கத்தரிக்காய ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கற படம் மூணு பாத்தன்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். மஞ்சுவுக்கு வரவில்லை. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"ஏ குரு, நான் அவன்கூட வேல செஞ்சவன். அவன் டிபன் பாக்ஸுல கை வெச்சுத் தின்னவன். ஆஸ்பத்திரில அவன் காலப் புடிச்சுத் தூக்குனவன். நீ அவன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. நம்மாளு நம்மாளுன்ற. அவன் உனக்கு யாரு?"

மஞ்சு வாசற்படியில் போய் உட்கார்ந்து அழுதான். முருகேசன் செத்த அன்றுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது யாருன்னு எனக்குத் தெரியல. நீ சொல்லு."

மஞ்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தான். "இது நான்தான் குரு. ஒகேனக்கல்ல எடுத்தது." மேலே நீர்வீழ்ச்சி, கீழே இரண்டு தலை, அதற்கும் கீழே சாம்பல். அன்றிலிருந்து மஞ்சுவும் பிரிக்க உட்கார்ந்தான்.

மாங்காய்க் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் நாகரசம்பட்டிக்குப் போனோம். அண்ணன் அந்த லேப்டாப்பில் புது டிஸ்க் போட்டு, தேறிய படங்களை அதில் ஏற்றி, தனியாக இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் நகல் எடுத்து வைத்திருந்தார். ஒரே டிஸ்க்கில் தடுப்பு வைத்துவிட்டால் பத்திரம் என்று இனி எவனிடமும் சொல்லமாட்டேன் என்றார் வழியில். செல்வி எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. வெளியிலேயே, மாங்காய்க் கூடைகளுக்கு நடுவில் லேப்டாப்பை வாங்கித் திறந்தாள்.

ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பாதிப் படங்களை விரலால் தொட்டாள், சாம்பலுக்குக் கீழே ஏதாவது இருக்கும் என்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு பரோட்டாவோடு நிற்கிற படம் வந்ததும் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

"கல்யாண வீடியோ?"

"வரலீங்க."

"தேடினீங்களா?"

"தேடினன். அது இருந்த எடத்துலதான் விண்டோஸ் ஏறிடுச்சுங்க."

அவள் தலையாட்டினாள். அண்ணன் தயங்கி, ஒரு சின்ன வீடியோவைக் காட்டினார். படம் வெறும் பச்சைக் கோடுகளாக ஓடியது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "செல்வி, இங்க பாரு. இங்க பாருன்றன்ல. அட, கொஞ்சம் சிரியேன்..." அதோடு அறுந்துவிடும். அவள் மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். கோவிந்தன் தோப்புக்குள் போய்விட்டார். எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாங்காய்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வெச்சுட்டுப் போங்க" என்றாள் கடைசியில். நன்றி என்று சொல்லவில்லை. அண்ணனும் அதை எதிர்பார்த்து வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காவேரிப்பட்டணம் வரை முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். தூசி என்றார்.

முருகேசனின் முதல் வருஷ திதிக்கு மஞ்சுவுக்கு போன் வந்தது. "அந்த ரெண்டு பேரையும் கூட்டினு வாங்க" என்று செல்வி சொன்னதாகச் சொன்னான். அண்ணன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். சட்டையை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனோம்.

சுவரில் முருகேசன் படம் பெரிதாக மாட்டி, மாலை போட்டிருந்தது. மீட்டெடுத்த பாதிப் படங்களில் ஒன்று. மார்புக்குக் கீழே சாம்பலாக இருந்த பகுதியை வெட்டிவிட்டு பிரேம் போட்டிருந்தார்கள். அபூர்வமாக அதில் கண் திறந்திருந்தது. இலை போட்டுச் சாப்பிடும்போது சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் படத்தைக் காட்டி, "முருகேசன் எப்ப மீசைய எடுத்தான்? நான் பாத்ததே இல்லியே. இது ஐ.டி.ஐ. படிக்கறப்ப எடுத்ததா இருக்கும்" என்றார். இன்னொருவர், இல்லை, கல்யாணத்துக்கு முந்தி என்றார். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். "இல்லீங்க. போன வருஷம் சித்திரைல திருப்பதிக்குப் போயி மொட்ட போட்டாரு. அப்ப மீசையும் எடுத்தாரு. முடி வளந்தப்பறமும் மீசைய மட்டும் கொஞ்ச நாளு வெக்கல. இது ஆடி மாசம் எடுத்தது. பின்னால நெல்லுக்கு நாத்து வுட்டிருக்குது பாருங்க" என்றார்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். "நீங்க யாருங்க? இத்தினி தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?"

அண்ணன் வாயில் சோறு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கோவிந்தன் ரசவாளியோடு அப்படியே நின்றார். மஞ்சு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து அப்பளத் தட்டோடு வந்த செல்வி, அண்ணன் இலையில் இரண்டு அப்பளத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவுரோட சிநேகிதருங்க."

பெரியவர், "அப்படிச் சொல்லுங்க" என்றபடி ரசத்துக்குக் குழி வெட்டினார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கம்பெனி ஒரு லைனைப் புனே பக்கம் மாற்றியபோது அண்ணனையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். மஞ்சு அத்திப்பள்ளி தாண்டி வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எனக்குக் கல்யாணமாகி, அதே மூக்கண்டப்பள்ளியில் அடுத்த தெருவில் இருக்கிறேன். அண்ணன் தீபாவளிக்கு வருவார். சாமல்பட்டிக்குப் போகிற வழியில் நாகரசம்பட்டியில் இறங்கி, ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போவார். செல்வி இப்போது காவேரிப்பட்டணத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறாள்.

சில மாதமாக என் லேப்டாப் சரியில்லை. ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்கூடத் திறந்திருப்பதில்லை. கடையில் கொடுத்தால் அரைமணியில் முடித்துத் தருவார்கள் என்று வீட்டில் மனைவி நச்சரிக்கிறாள். தீபாவளிக்கு அண்ணன் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் என்னைத் திட்டுவார்.